83 லட்சம் புள்ளிக்குக் கொடுத்த காசு

போன மாதம் அக்கா பையன் போன் பண்ணினான். "மாமா, புது மானிட்டர் வாங்கினதுல இருந்து கேம் ஆடவே மனசு வரலை" என்றான். குரலே சரியில்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறான். ஒரு வருடமாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கின 27 இன்ச் 4கே மானிட்டர் அது. "இனிமே எல்லாமே 4கே தான் தம்பி" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் கேமின் படத்தை வரைந்து திரைக்கு அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டு என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அவனிடம் இருப்பது 4கே-வை விடப் புள்ளி குறைந்த 1080பி திரைக்கென்று வாங்கிய ஐந்து வருடப் பழைய கார்டு.

ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேமைப் போட்டுக் காட்டினான். குதிரை சும்மா நிற்கும்போது அவ்வளவு அழகு. பிடரி மயிர் இழை இழையாகத் தெரிகிறது, சேணத்தில் தோல் தேய்ந்த இடம்கூடத் தெரிகிறது. குதிரையைத் தட்டிவிட்டதும் படம் விக்க ஆரம்பித்தது. மவுஸைத் திருப்பினால் கேமரா ஒரு கணம் கழித்துத்தான் திரும்புகிறது. ஓரத்தில் நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) வருகிறது என்ற கணக்கு 22, 24, 21 என்று ஓடிக்கொண்டிருந்தது.

காரணம் வெறும் பெருக்கல் கணக்குதான். 1080பி என்றால் 1920 × 1080, கிட்டத்தட்ட 21 லட்சம் புள்ளிகள் (பிக்சல்). 4கே என்றால் 3840 × 2160, அதாவது கிட்டத்தட்ட 83 லட்சம். சரியாக நாலு மடங்கு. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமானால் ஒவ்வொரு படத்தையும் 16.7 மில்லி நொடிக்குள் தீட்டி முடிக்க வேண்டும். 21 லட்சத்துக்கே மூச்சு வாங்குகிற கார்டின் தலையில் 83 லட்சத்தை ஏற்றினால் அது என்ன செய்யும்?

இந்த விஷயத்தில் என் கருத்து உறுதியானது. கேம் என்பது பார்க்கிற பொருள் மட்டும் இல்லை, கை வைக்கிற பொருள். விரல் அழுத்தியதற்குத் திரை உடனே பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் தாமதமானால் எத்தனை லட்சம் புள்ளி இருந்தும் சுகம் இல்லை.

தொண்ணூறுகளில் எங்கள் வீட்டில் 14 இன்ச் டிவி. மஞ்சள் கேசட்டைச் செருகி மரியோ ஆடுவோம். அந்த கேமின் மொத்தப் படமே 256 × 240, அதாவது 61,440 புள்ளிகள்தான். அதில் வருகிற மேகமும் புதரும் ஒரே படம், நிறம் மட்டும் வேறு. அவ்வளவு சிக்கனம்! வருடக்கணக்கில் ஆடியும் எங்களில் யாரும் அதைக் கவனித்ததில்லை. ஆனால் பட்டனை லேசாகத் தட்டினால் சின்னத் தாவல், அழுத்திப் பிடித்தால் பெரிய தாவல் என்பது கட்டை விரலுக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. அழுத்திய அந்த நொடியே மரியோ எகிறுவான். பழைய பிக்சர் டியூப் டிவியில் தாமதம் என்று சொல்லவே ஒன்றும் இருக்காது. இன்றைய பல டிவிகள் படத்தை மெருகேற்றிவிட்டுத்தான் காட்டுகின்றன, அதற்கு நேரம் பிடிக்கிறது. புது டிவியில் கன்சோல் மாட்டியிருப்பவர்கள் தயவுசெய்து செட்டிங்ஸில் அந்த மெருகேற்றலைக் குறைக்கிற 'கேம் மோட்' இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒரு பைசா செலவில்லை.

அந்தக் காலக் கலைஞர்கள் குறைந்த புள்ளியை வைத்துச் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னமும் பிரமிப்புதான். சோனிக் கேமில் ஓர் அருவி வரும். உண்மையில் அது ஒன்று விட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகள். அன்றைய கேபிள் வழியாக டிவிக்குப் போகும்போது கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். அதே கேமை இன்றைய துல்லியமான திரையில் போட்டால் சீப்புப் பற்கள் மாதிரி கோடுகள்தான் தெரியும்.

போட்டிக்கு ஆடுகிறவர்களையும் பாருங்கள். கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கிச் சண்டை கேமின் தொழில்முறை வீரர்களில் நிறைய பேர் 1280 × 960-இல் வைத்து, படத்தை அகலமாக இழுத்துவிட்டு ஆடுகிறார்கள். நம் ஊர்ப் பையன்கள் பிஜிஎம்ஐ என்ற மொபைல் கேமில் கிராபிக்ஸை 'ஸ்மூத்'தில் இறக்கிவிட்டு ஃபிரேம் ரேட்டை உச்சத்தில் வைக்கிறார்கள். தோல்வி வெற்றியே பிழைப்பாக இருப்பவர்கள் எதை விட்டு எதை எடுக்கிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இதனால் ரெசல்யூஷனே (புள்ளிகளின் எண்ணிக்கை) வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது நிஜமாகவே தேவைப்படும் இடம் எழுத்து. 2006-இல் டெட் ரைசிங் என்ற கேம் வந்தபோது பழைய டிவி வைத்திருந்தவர்களால் திரையில் வந்த வசனத்தைப் படிக்கவே முடியவில்லை. எழுத்து அவ்வளவு பொடி. என்ன செய்யச் சொல்கிறார்கள் என்றே தெரியாவிட்டால் எப்படி ஆடுவது?

இன்னொன்று, உட்காரும் தூரம். நல்ல பார்வை உள்ள கண்ணால் பார்வைக் கோணத்தில் ஒரு பாகைக்குள் (டிகிரி) சுமார் 60 புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பது பொதுவான கணக்கு. 43 இன்ச் டிவியை எட்டு அடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால், வெறும் 1080பி-யிலேயே பாகைக்கு 87 புள்ளி வந்துவிடுகிறது. அதற்கு மேல் கூட்டுவதில் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. மேஜையில் இரண்டடி தூரத்தில் 27 இன்ச் மானிட்டர் என்றால் கதையே வேறு. 1080பி-யில் சுமார் 37 புள்ளிதான், சொரசொரப்பு தெரியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள 1440பி-யில் (2560 × 1440) சுமார் 49 ஆகிறது. நடுத்தர கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது இந்த 1440பி-தான்.

அக்கா பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் கேமை 1080பி-க்கு இறக்கினேன். ஓட்டம் சீரானது, ஆனால் மர இலைகள் மங்கின. "கொஞ்சம் சோப்பு போட்ட மாதிரி இருக்கு மாமா" என்றான். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. திரும்ப 4கே-வுக்கே கொண்டுபோய் எஃப்எஸ்ஆர் என்ற வசதியை 'பெர்ஃபார்மன்ஸ்'ஸில் போட்டுவிட்டேன். அப்படி வைத்தால் கார்டு உள்ளே 1080பி-யில்தான் வரைகிறது. பிறகு முந்தைய ஃபிரேம்களில் இருந்த விவரத்தையும் சேர்த்து 4கே அளவுக்குப் பெரிதாக்குகிறது. நிழல், தண்ணீர் செட்டிங்கையும் ஒரு படி குறைத்தோம். ஃபிரேம் 50-ஐ ஒட்டி நின்றது.

அப்புறம் அவன் பேசவே இல்லை. குதிரையை ஆற்றங்கரை ஓரமாக விட்டு, மரங்களுக்கு நடுவே வளைத்து வளைத்து ஓட்டிக்கொண்டே இருந்தான். அக்கா இரண்டு தரம் சாப்பிடக் கூப்பிட்டாள்.

தீபாவளிக்கு மானிட்டர் வாங்க நினைப்பவர்கள் மூன்று விஷயத்தைக் கமெண்டில் எழுதுங்கள்: என்ன கார்டு, எத்தனை இன்ச், எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்கள். எனக்குத் தெரிந்தவரை ஒவ்வொருவருக்கும் பதில் எழுதுகிறேன்.