பனிக்காலத்தில்தான் பார்க்க வேண்டும்

கலிபோர்னியாவில் செக்குவோயா என்னும் பெருமரங்கள் வளரும் செக்குவோயா தேசியப் பூங்காவைக் கோடையில்தான் பார்க்க வேண்டும் என்று, அதைப் பற்றி நான் படித்த கட்டுரையின் ஆசிரியர் எழுதியிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி காலையில், பனியில் நடப்பதற்கான அகன்ற காலணிகளை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு, ஜெனரல் ஷெர்மன் என்று பெயரிடப்பட்ட செக்குவோயா மரத்தருகே தொடங்கும் காங்கிரஸ் நடைபாதையில் சென்றோம். கோடையில் கூட்டம் நெரியும் அவ்விடத்தில், கிளைகளிலிருந்து பனி சரிந்து விழும் ஓசையைத் தவிர வேறு சத்தமே இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். கல்லைப் போலச் சில்லிட்டிருக்கும் என்று நினைத்த செங்காவிப் பட்டை, தேங்காய் மட்டையைப் போல நார்நாராக, சற்றே அமுங்கிக் கொடுத்தது. 60 சென்டிமீட்டர் வரை தடிக்கக்கூடிய இந்தப் பட்டைதான் நெருப்பிலிருந்து மரத்தைக் காக்கிறது. ஆனாலும் 2020-ஆம் ஆண்டின் காசில் காட்டுத்தீயில் ஆயிரக்கணக்கான பெருமரங்கள் மடிந்தன, மறு ஆண்டு இன்னொரு தீ நெருங்கியபோது ஷெர்மனின் அடிமரத்தையே அலுமினியத் தாளால் சுற்ற வேண்டியதாயிற்று.

நடக்கச் சிரமமாக இருக்கிறதே என்று நாங்கள் சலித்துக்கொண்ட அந்தப் பனிதான் பின்னர் மெல்ல உருகி, ஆழமாக இறங்காமல் பக்கவாட்டில் பரவும் செக்குவோயா மரங்களின் வேர்களுக்கு மழையற்ற கோடையில் நீராகிறது என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது குறையே.

ஒரு திருத்தமும் உண்டு: கட்டுரை கூறுவதுபோல் ஷெர்மன் உலகின் மிக உயரமான மரம் அன்று. அதன் உயரம் ஏறத்தாழ 84 மீட்டர். அதே மாநிலத்தின் கடலோர ரெட்வுட் மரம் ஒன்று 115 மீட்டரையும் தாண்டி நிற்கிறது. ஷெர்மன் முதலிடம் பெறுவது அடிமரத்தின் கன அளவில்தான்.

குளிர்காலத்தில் செல்பவர்கள், மலையேறுமுன் டயர்களுக்கான பனிச்சங்கிலியை வண்டியில் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.