இப்படிக்கு, பெரியம்மா

போன வாரம் என் முழங்கால் வலி முகநூலில் முந்நூறு பேருக்குத் தெரிந்துபோனது. நான் சொல்லவில்லை. ஒரு கருத்தரங்கில் எடுத்த படத்தைப் போட்டிருந்தேன். ‘அருமை’, ‘வாழ்த்துகள் சார்’ என்று வந்துகொண்டிருந்த பின்னூட்டங்களின் நடுவே பெரியம்மா எழுதியிருந்தார்: “அன்புள்ள தம்பிக்கு, படம் பார்த்தேன். இளைத்துவிட்டாய். முழங்கால் எப்படி இருக்கிறது? மாத்திரையை நிறுத்தாதே. இப்படிக்கு, பெரியம்மா.”

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெயர்தான் மேலேயே இருக்கிறதே, கீழே எதற்குக் கையெழுத்து என்று கேட்டாள். நானும் சிரித்தேன். அப்புறம் அந்த வரிசையை மறுபடி படித்துப் பார்த்தேன். அறுபத்தைந்து பின்னூட்டங்களில் என்னிடம் ஏதோ ஒன்றைக் கேட்டிருந்தது அந்த ஒன்றுதான்.

வயதானவர்கள் வந்து முகநூலைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. கணக்கு சற்று இடிக்கிறது. 2004இல் தொடங்கியபோது இது கல்லூரி மாணவர்களுக்கு மட்டுமான இடம். 2006 செப்டம்பரில்தான் 13 வயது நிறைந்த எவரும் வரலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஆரம்பத்தில் உள்ளே இருந்த அந்த இருபது வயதுக்காரர்களுக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. முதியவர்கள் படையெடுத்து வந்தது பாதிக் கதை; குடியிருந்தவர்களுக்கே நரைத்துவிட்டது என்பது மீதி. என் தலையைப் பார்த்தாலே தெரியும்.

இளையவர்கள் நகர்ந்துவிட்டது உண்மைதான். அமெரிக்கப் பதின்வயதினரில் முகநூலைப் பயன்படுத்தியவர்கள் 2014–15இல் 71 சதவீதம், 2022இல் 32 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு மையம். என் மகளுக்கு இன்ஸ்டாகிராமில் இரண்டு கணக்குகள். ஒன்று உறவினர்களுக்காக; அதில் மூன்றே படங்கள், மூன்றிலும் பூக்கள். இன்னொன்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்பதும் இல்லை. அவள் போடுவதில் பெரும்பகுதி 24 மணி நேரத்தில் தானாக மறைந்துவிடும். நாள் முழுக்க அங்கேயே இருக்கிறாள், ஆனால் ஒளிந்துகொண்டு இருக்கிறாள். நானோ ஒரு பத்தியை நான்கு முறை திருத்தி, போட்டபின் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எத்தனை விருப்பம் விழுந்தது என்று எட்டிப்பார்க்கிற ரகம். திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல் இதில் உட்கார்ந்திருப்பவர் எங்கள் வீட்டில் பெரியம்மா ஒருவர்தான்.

அவர் செய்வதெல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. வாட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய வைத்தியக் குறிப்புகளை நம்பியிருந்தால் நான் இன்று எழுந்து நடந்திருக்க மாட்டேன். 2016 அமெரிக்கத் தேர்தல் காலத்தை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2019இல் வெளியானது: 65 வயதைத் தாண்டியவர்கள் மிக இளையவர்களைவிடக் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பொய்ச் செய்திகளை முகநூலில் பகிர்ந்திருந்தார்கள். இதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆய்வில் இருந்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அப்படி ஒரு செய்தியைக்கூடப் பகிரவில்லை என்று அதே கட்டுரை சொல்வதை யாரும் காட்டுவதில்லை. பெரியம்மாவிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். “இதை உங்களுக்கு யார் அனுப்பினார்கள்?” என்று மட்டும் கேட்பேன். அவர் அந்த ஆளை நினைத்துப்பார்த்து, “அவனா? அவன் சின்ன வயதிலிருந்தே அளப்பான்” என்று தானே அழித்துவிடுவார்.

ஆனால் ஒரு விஷயத்தில் என்னைவிட அவருக்கு இந்த இடம் நன்றாகப் புரிந்திருக்கிறது. பெரியப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் பக்கம் அப்படியே இருக்கிறது. விவரம் தெரியாத யாரோ ஒருவர் அதில் “நூறாண்டு வாழ்க” என்று பிறந்தநாள் வாழ்த்து எழுதிவிட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. முகநூலுக்குத் தெரிவித்தால் அதை நினைவுப் பக்கமாக மாற்றிவிடுவார்கள் என்று பெரியம்மாவிடம் சொன்னேன். மாற்றினால் என்ன ஆகும் என்று விசாரித்தார். பெயருக்குப் பக்கத்தில் நினைவாக என்று வரும், யாரும் அந்தக் கணக்கில் நுழைய முடியாது, பிறந்தநாள் அறிவிப்பு யாருக்கும் போகாது என்றேன்.

“அப்படியானால் வேண்டாம்” என்றார். “அன்றைக்கு ஒரு நாள்தான் காலையில் போனைத் திறந்ததும் அவர் பேர் முதலில் வருகிறது.”

வாழ்த்தியவருக்கு அவரே பதிலும் எழுதியிருந்தார்: “நன்றி தம்பி. அவர் இப்போது இல்லை. நீங்கள் நன்றாக இருங்கள். இப்படிக்கு, அவர் மனைவி.”

இந்தப் பதிவையும் அவர் படிப்பார். கீழே வந்து என்ன கேட்பார் என்றும் தெரியும். எனவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்: முழங்கால் இப்போது தேவலை பெரியம்மா, மாடிப்படி ஏறும்போது மட்டும் கொஞ்சம் வலிக்கிறது. மாத்திரையை நிறுத்தவில்லை.