கைப்பிடி அரிசி எடுத்து வைத்த அப்பா

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் வட்டாரத்தில் உபதேசியாராக, அதாவது சபை மக்களுக்கு வேதம் போதிப்பவராக, ஊழியம் செய்து மறைந்த தம் தந்தையாரைப் பற்றிக் கட்டுரையாளர் எழுதியிருப்பதை வாசித்தபோது, மெஞ்ஞானபுரத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் சபைக் கணக்கைக் கவனித்துவந்த என் அப்பாவே கண்முன் வந்து நின்றார்.

காணிக்கையைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது. அதை இன்னும் விரிவாக எழுதியிருக்கலாம் என்பது என் எண்ணம். உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் (தேவாலயத்தில்) காணிக்கையாகப் படைப்பது எங்கள் வட்டார வீடுகளின் வழக்கம். மழை பொய்த்து, எங்கள் வீட்டிலேயே கஞ்சிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்திலும் அப்பாவும் அம்மாவும் அந்தக் கலயத்தை வெறுமையாக விட்டதில்லை. 1903-இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பட்ட இந்திய மிஷனெரி சங்கம், வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் நம் மக்களின் காணிக்கையைக் கொண்டே தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்களை அனுப்பியது என்பதை அப்பா எங்களுக்குப் பெருமையோடு சொல்லித்தருவார்.

மாலை ஜெபத்துக்கு வீட்டார் அனைவரும் அமர வேண்டும். அது முடிந்ததும் திண்ணையில் மனு எழுதும் வேலை தொடங்கும். பனையிலிருந்து விழுந்து முடங்கியவர்களின் குடும்பங்களுக்கு, அவர்கள் எந்த மதத்தினராயினும், உதவித்தொகை கேட்டு எழுதித்தருவதோடு தாலுகா அலுவலகத்துக்கும் உடன் செல்வார். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகை நாளில், நடக்க இயலாத முதியோருக்குச் சோறும் குழம்பும் போய்ச் சேர்ந்த பின்னரே அவர் பந்தியில் உட்காருவார்.

கட்டுரையாளர் தம் தந்தையாரின் நாட்குறிப்புகளை அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.