இரண்டாவது சாட்சி எங்கே?

"ஹீமோபிலியாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள், அதுவும் நம்ம வேலூர் சிஎம்சியில்!" என்று வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கிறது. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சிகிச்சை பெற்றவர்கள் எத்தனை பேர் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. ஐந்து பேர்.

கடுமையான ஹீமோபிலியா 'ஏ' உள்ளவர்களின் உடலில், ரத்தம் உறையத் தேவையான எட்டாம் காரணி அநேகமாக இருப்பதே இல்லை. அடிபடாமலேயே முழங்கால் மூட்டுக்குள் ரத்தம் கசியும். வீங்கி வீங்கியே மூட்டு கெட்டுப்போகும். ஆயுளுக்கும் ஊசிதான். வேலூர் மருத்துவர்கள் நோயாளியின் குருத்தணுக்களையே (ஸ்டெம் செல்) எடுத்தார்கள். தீங்கு செய்யாதபடி மாற்றிய லென்டிவைரஸ் மூலம் அவற்றில் நல்ல மரபணுவை ஏற்றி, அவர் உடலுக்கே திருப்பிச் செலுத்தினார்கள். 2024 டிசம்பரில் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஐவரையும் கவனித்த காலத்தைக் கூட்டினால் 81 மாதங்கள்; சிகிச்சைக்குப் பின் ஒருவருக்கும் ரத்தக்கசிவு இல்லை. ஐந்து, 81 என்ற இரண்டு எண்களையும் ஆய்வாளர்கள் ஒளிக்கவில்லை. ஒளித்தது நாம். அடுத்த ஐம்பது பேருக்கும் இது பலிக்கட்டும், சரவெடி என் செலவு.

எந்தக் கண்டுபிடிப்பைக் கேட்டாலும் நான் முதலில் தேடுவது இரண்டாவது சாட்சியைத்தான். வாணியம்பாடிப் பக்கம் காவலூர் வானாய்வகத்தில் 1977 மார்ச் 10 அன்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்; யுரேனஸ் ஒரு விண்மீனை நெருங்கியபோது, அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. புதிய துணைக்கோள் என்று நம்மவர்கள் எழுதினார்கள். அதே நிகழ்வைப் பறக்கும் விமானத்திலிருந்து அமெரிக்கர்கள் பதிவு செய்திருந்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஒளியை மறைத்தவை யுரேனஸின் வளையங்கள் என்று தெளிந்தது. 2025 ஏப்ரலில், வேறொரு விண்மீனைச் சுற்றும் கே2-18பி என்ற கோளில் உயிரின் தடயம் என்று தலைப்புச் செய்தி வந்ததே, அதே தரவை வேறு குழுக்கள் அலசிவிட்டு, இவ்வளவு சொல்ல அதில் வலு இல்லை என்றன. அது அவ்வளவு பெரிய தலைப்பாக வரவில்லை.

பளுதூக்குதலில் இந்த வம்பே கிடையாது. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். அங்கே மூன்று நடுவர்களில் இருவராவது வெள்ளை விளக்கு போட வேண்டும்.

பக்திக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வேலூர்க் கோட்டைக்குள் நூற்றாண்டுகளாக வெறுமையாகக் கிடந்த ஜலகண்டேஸ்வரர் கருவறைக்கு 1981இல் லிங்கம் திரும்பியபோது, கும்பிட்டவர்கள் யாரிடமும் ஆய்வறிக்கை கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டாம்.

அரசியல்வாதிகளோ ஆய்வறிக்கையைக் கும்பிடவோ குப்பையில் போடவோ மட்டும் கற்றிருக்கிறார்கள். 982 பக்கக் கீழடி அறிக்கையை 2023இல் வாங்கிக்கொண்டு, 2025இல் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பியது மத்தியத் தொல்லியல் துறை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 என்று 2025 ஜனவரியில் மாநில அரசு அறிக்கை வெளியிட்டதும் மேடைகள் அதிர்ந்தன. மாதிரிகளை ஒன்றுக்கு மேற்பட்ட ஆய்வகங்களுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதுதான் இதில் நல்ல சேதி.

அந்த இரும்பு அறிக்கையில் நம் பழைய வடாற்காடும் இருக்கிறது. வந்தவாசிப் பக்கம் கீழ்நமண்டியில், இறந்தவரைக் கிடத்திய சுடுமண் ஈமப்பேழைக்குக் கி.மு. 1692 என்று காலம் கணித்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் அதற்கு ஒரு தேதி போதாது. பக்கத்துக் குழிகளையும் தோண்டி, கரித்துண்டுகளை வேறு ஆய்வகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி எந்தக் கட்சிக்காரரும் இதுவரை பேசி நான் கேட்டதில்லை.