முதல்ல செருப்பைத் தேய்ங்க, அப்புறம் சிரிக்கலாம்

அம்மா வீட்டுக்குப் பக்கத்து லைனில் ஒரு பொண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சர்ச்சில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கத் தொடங்கியாச்சு. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, வாசல்ல இருந்து ஆல்டர் வரைக்கும் எல்லாரும் பார்க்க நடக்கணுமே, நினைச்சாலே கால் உதறுது." போனில் நாலு வீடியோ வேறு காட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: நாடியைத் தூக்கு, சிரி, மாப்பிள்ளையைப் பார், தைரியமா இரு. காலைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கக் காணோம்.

என் கட்சி இதுதான்: கல்யாணப் பொண்ணு நடுக்கத்தில் பாதி, புதுச் செருப்பால் வருவது. பட்டவள் சொல்கிறேன்.

எனக்கு 2014 நவம்பரில் கல்யாணம், குன்னூரில். அந்த மாதத்தில் இங்கே வடகிழக்குப் பருவமழை எப்படி வெளுக்கும் என்று மலைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். கோயமுத்தூரில் வாங்கிய மூணு இன்ச் ஹீல்ஸைப் பெட்டியை விட்டு எடுத்ததே அன்று காலையில்தான். சேலை கட்ட வந்தவர் வெறுங்காலோடு நிற்கவைத்து அழகாகக் கட்டிவிட்டார். செருப்பைப் போட்டதும் சேலை ஏறிக் கணுக்கால் தெரிகிறது! அவசரமாக இறக்கிக் கட்டியதில் முன்கொசுவம் தரையில் புரண்டது. உள்ளே போனால், வந்தவர்கள் குடையிலிருந்து சொட்டிய தண்ணீரில் ஊறிய சிவப்புக் கம்பளம், ஓரமெல்லாம் சுருண்டு கிடக்கிறது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நாலாவது பெஞ்சைத் தாண்டும்போது ஹீல் கொசுவத்துக்குள் மாட்டியது. விழவில்லை, அப்பா முழங்கையை இறுக்கிக்கொண்டார். ஆனால் அந்த இரண்டு நொடி வீடியோவில் பத்திரமாக இருக்கிறது. என் வாய் "ஐயோ" என்பது நன்றாகவே தெரியும். ஜெபம் பண்ணினேன் என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.

ராத்திரி அம்மா சொன்னது: "முப்பது வருசமா கூடையோட சரிவுல ஏறி எறங்குறேன், ஒரு நாள் வழுக்கல. நீ மட்டத் தரையில வழுக்குறியேடி!"

அம்மா 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து சின்னப் பிள்ளையாகக் கப்பலேறி வந்தவர். டான்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். மழை நாளில் அவர் இறங்குவதைப் பார்க்கணும். ஒரு காலை முழுசாகப் பதித்து, பாரம் அதில் உட்கார்ந்த பிறகுதான் அடுத்த கால் எழும்பும். கண் காலடியில் இருக்காது, நாலு செடி தள்ளி இருக்கும். சர்ச்சில் நடக்கச் சொல்கிற மெது நடையும் அதேதான்.

அதனால் அந்தப் பொண்ணிடம் சொன்னேன். செருப்பைப் போட்டுக்கொண்டு பிறகு சேலை கட்டு. தினமும் அரை மணி நேரம் அதோடு வீட்டு வேலை பார். பூச்செண்டைத் தொப்புளுக்கு நேராகப் பிடி, நெஞ்சுக்கு ஏற்றினால் தோளும் சேர்ந்து ஏறிவிடும்.

ஹீல்ஸே வேண்டாம் என்றுதான் சொல்லிப் பார்த்தேன். அவள் சித்திக்குக் கோபம். ஜோடிப் பொருத்தம் போட்டோவில் தெரிய வேண்டுமாம், அதுதான் முறையாம். எந்த முறை? வெள்ளை உடுப்பே 1840இல் விக்டோரியா ராணி தன் கல்யாணத்துக்குப் போட்டதைப் பார்த்துப் பரவிய மோஸ்தர். ஊட்டியில், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் திப்பு அரண்மனை மரத்தை உத்திரமாகப் போட்ட ஸ்டீபன் ஆலயத்தை 1831இலேயே திறந்துவிட்டார்கள். அந்த மோஸ்தரைவிட நம்ம ஊர் ஆலயத்துக்கு வயசு அதிகம். சேலைக்குள் இருக்கிற கால் எத்தனை இன்ச் என்று யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்?

போட்டோக்காரர்களிடமும் ஒரு விண்ணப்பம். பொண்ணு அப்பாவோடு நடக்கிற அந்த ஒரு நிமிடம் "மேடம் ஸ்லோ, மேடம் இங்க பாருங்க" என்று முன்னால் பின்னோக்கி நடக்காதீர்கள். ஓரமாக நின்று எடுங்கள். குனிந்த தலை நிமிரக்கூடாது என்று ஒரு பக்கம் பெரியம்மா, கேமராவைப் பார் என்று இன்னொரு பக்கம் நீங்கள். அவள் எங்கே பார்ப்பாள்?

சித்திதான் ஜெயித்தார், ஹீல்ஸ் வாங்கியாச்சு. நேற்று சாயங்காலம் அந்தப் பொண்ணு எங்கள் வீட்டுத் துவைக்கிற கல்லில் புதுச் செருப்பின் அடிப்பாகத்தை, வழுக்காமல் இருக்க, சொரசொரப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "குதிப் பக்கமும் தேய்டி" என்றார்.