அந்தப் பிள்ளைகளின் சீருடையைக் கேலி செய்யாதீர்கள்

இந்த வாரம் முழுவதும் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. அந்தக் கல்லூரி விழாக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் நான் பகிரப் போவதில்லை. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருகிறார். அணிவகுப்பு மரியாதைக்காக வெயிலில் நின்றிருந்த என்.சி.சி. (தேசிய மாணவர் படை) மாணவிகளில் ஒருத்தி மயங்கி விழுகிறாள். கோபப்பட வேண்டிய காட்சிதான். ஆனால் கோபம் யார் மேல் போயிற்று? தாமதமாக வந்தவரை யாரும் கேட்கவில்லை. பிள்ளைகளை நிறுத்திவைத்த நிர்வாகத்தையும் கேட்கவில்லை. "பொம்மைப் பட்டாளம்", "அடிமைப் பயிற்சி" என்று அந்தப் பெண்களையே ஏசினார்கள். எழுதியவர்களில் நான் மதிக்கும் பேராசிரியர்களும் உண்டு. அதுதான் வலிக்கிறது.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். விருந்தினரின் பெருமைக்காக மாணவர்களை நிறுத்திவைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இறந்த வீரர்களுக்காக மலர் வளையம் வைத்து, பியூகிள் எனும் ஊதுகொம்பை ஊதி, இரண்டு நிமிடம் மௌனமாக நிற்கும் சடங்கு வளாகத்தில் இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்துக் குப்பையில் போடாதீர்கள்.

"பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நானும் கேட்டவள்தான். 2016இல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் 207 அடிக் கம்பத்தில் கொடி ஏற்ற வேண்டும் என்று முடிவெடுத்தபோது, நாட்டுப்பற்றுக்கு அடிக்கணக்கா என்று கேட்டேன். 2017 ஜூலையில் டெல்லி ஜே.என்.யு. (ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) துணைவேந்தர், மாணவர்களுக்கு வீரர்களின் தியாகத்தை நினைவூட்ட வளாகத்தில் நிறுத்தப் பீரங்கி வண்டி ஒன்று வாங்கித் தாருங்கள் என்று மேடையிலிருந்த அமைச்சர்களிடம் கேட்டார். 2018இல் செப்டம்பர் 29ஆம் தேதியை, 2016இல் ராணுவம் எல்லை தாண்டி நடத்திய துல்லியத் தாக்குதலின் நாளாகக் கொண்டாடுங்கள், என்.சி.சி. சிறப்பு அணிவகுப்பு நடத்துங்கள் என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு கட்டாயமில்லை என்றார் அமைச்சர். மூன்றையுமே எதிர்த்தேன், இன்றும் எதிர்க்கிறேன். மேலிருந்து வரும் உத்தரவு மாணவர்களை மிரட்டுவதற்கானது. ஒரு பெண் தானே விரும்பிச் சேர்ந்து, காலை ஐந்தரை மணிக்கு மைதானத்துக்கு வந்து பழகும் டிரில் அப்படிப்பட்டதா?

விரும்பிச் சேர்வது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் படை அமைப்பது பற்றி ஆராய்ந்த குன்ஸ்ரு குழுவின் பரிந்துரைப்படி 1948இல் இயற்றப்பட்ட என்.சி.சி. சட்டம், உறுப்பினராகச் சேர்ந்ததற்காகவே யாரையும் போருக்கு அனுப்ப முடியாது என்று தெளிவாகச் சொல்கிறது. சீனப் போருக்குப் பின் 1963இல் கல்லூரிகளில் பயிற்சி கட்டாயமானது, 1968இல் மீண்டும் விருப்பத்துக்கு விடப்பட்டது. கட்டாயம் போய் அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்னும் "திணிக்கிறார்கள்" என்று எழுதுகிறவர்கள் பயிற்சி பெறும் ஒரு கேடட்டிடமாவது பேசியிருக்கிறார்களா?

நான் அரசுக் கல்லூரியில் படித்தேன். என்.சி.சி.யில் சேர வேண்டும் என்று வீட்டில் சொன்னபோது, பேண்ட் சட்டை போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவாயா என்று கேட்டுவிட்டு அப்பா பேசாமல் இருந்துவிட்டார். எங்கள் என்.சி.சி. மேடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்து, திண்ணையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தார். அப்பா சம்மதித்தார். தெருவில் முதல் முறை காக்கியில் நடந்தபோது எத்தனை பேர் சிரித்தார்கள் என்று எனக்கு நினைவிருக்கிறது. அதே சிரிப்பை இப்போது படித்தவர்களின் பக்கத்தில் பார்க்கிறேன். என்னோடு பயிற்சி பெற்றவள் ஒருத்தி, தீப்பெட்டி ஆலைத் தொழிலாளியின் மகள். என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றான சி சர்டிபிகேட்டுக்குக் கிடைத்த சிறப்பு மதிப்பெண்ணும் சேர்ந்துதான் காவலர் தேர்வில் வென்றாள். அவள் வீட்டில் முதல் மாதச் சம்பளம் வாங்கிய பெண் அவள்தான். இவளையா பொம்மை என்கிறீர்கள்?

இது வெள்ளைக்காரன் விட்டுப்போன மிச்சம் என்று ஒரு வாதம். பியூகிளில் ஊதும் லாஸ்ட் போஸ்ட் என்ற அஞ்சலி இசை பிரிட்டிஷ் படையின் வழக்கம்தான், மறுக்கவில்லை. 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகமும் அவர்கள் வைத்ததுதான். பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கி அணிந்து நின்று எடுத்த படத்தை முகப்புப் படமாக வைத்துக்கொண்டே இதை எழுதுகிறவருக்கு நான் வேறு பதில் சொல்லத் தேவையில்லை.

"டெல்லியின் பண்பாட்டைத் தமிழ்நாட்டில் ஏன் தூக்கிப் பிடிக்கிறாய்?" என்று ஒரு தோழர் கேட்டார். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் வந்தபோது என்.சி.சி. அணிவகுப்பில் இந்தியில் இடும் கட்டளைகளையும் சேர்த்து எதிர்த்த மாநிலம் இது. அன்று எதிர்த்தது கட்டளையின் மொழியை. காக்கி அணிந்த பிள்ளைகளை யாரும் இழிவு செய்யவில்லை. திருச்சியில் மேஜர் சரவணனின் நினைவிடம் இருக்கிறது. 1999 மே மாதம் கார்கில் போரில் படாலிக் பகுதியில் இறந்தவர் அவர். அங்கே மாணவர்கள் சல்யூட் அடித்து நிற்பதில் டெல்லி எங்கே வந்தது?

விருந்தினரை வாசலிலிருந்து மேடை வரை அழைத்துச் செல்ல 'பைலட்' என்று பிள்ளைகளை அனுப்புகிறார்களே, அதற்கு என்ன சொல்கிறாய் என்பீர்கள். நிறுத்தச் சொல்கிறேன். கல்லூரி முதல்வர்கள் நினைத்தால் நாளைக்கே நிறுத்தலாம். உள்ளூர்ப் பிரமுகர் வருவதற்கெல்லாம் அணிவகுப்பு எதற்கு? குறைந்தபட்சம் கார் வாசலுக்கு வந்த பிறகு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் போதாதா? நிழல், தண்ணீர் எதையும் யோசிக்காத நிர்வாகத்தை நோக்கி உங்களில் எத்தனை பேர் ஒரு வரி எழுதினீர்கள்? எழுத மாட்டீர்கள், ஏனென்றால் நாளை அதே மேடையில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. 2022இல் ராணுவத்துக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்தது. நான்கு ஆண்டு வேலை, அதன்பின் நால்வரில் ஒருவருக்கு மட்டுமே நிரந்தரம். அன்று எங்கள் ஊர்ப் பையன்கள் ஓடிப் பழகிய மைதானத்திலேயே இடிந்துபோய் உட்கார்ந்தார்கள். ராணுவமயம் பற்றி இன்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அன்று எங்கே இருந்தீர்கள்? உங்கள் பிள்ளைகள் அந்த மைதானத்தில் இல்லை. அதனால் அந்தச் சீருடை உங்களுக்கு வெறும் கருத்து. எங்களுக்கு அது வாசல்.

என்னை நட்பிலிருந்து நீக்கியவர்களுக்கு: யுஜிசி அப்படியொரு சுற்றறிக்கையை மறுபடி அனுப்பினால் எதிர்ப்பு மனுவோடு என்னிடம் வாருங்கள், முதல் கையெழுத்து போடுகிறேன். வருவதற்கு முன் உங்கள் கல்லூரி மைதானத்தில் காலை ஆறு மணிக்கு நிற்கும் பிள்ளைகளிடம் ஒரு முறை பேசிவிட்டு வாருங்கள்.