சந்தையில தொலைஞ்ச இருநூறு ரூபா

போன மே லீவுல என் பையன மொத தடவையா தனியா காரைக்குடி சந்தைக்கு அனுப்பினேன், பதினோரு வயசு, கையில இருநூறு ரூபாயும் ஒரு மஞ்சப்பையும். ஒரு மணி நேரம் கழிச்சு வெறும் பையோட வந்தவன் உள்ள வரல, திண்ணையிலயே உக்காந்து பையோட காத முறுக்கிக்கிட்டே இருந்தான். பாத்ததும் புரிஞ்சிருச்சு. ஒண்ணு திட்டியிருப்பேன், இல்லன்னா "விடுப்பா, அப்பச்சி போய் வாங்கியாறேன்"னு கிளம்பியிருப்பேன், அதுக்குள்ள அவன் அப்பத்தா போய் பக்கத்துல உக்காந்துட்டாங்க. தண்ணி குடுத்தாங்க, குடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒண்ணுமே கேக்கல. அப்புறமா "எந்தெந்தக் கடையில நின்னய்யா? வா, நானும் வர்றேன், ஆனா நீதான் விசாரிக்கணும்"னு கூட்டிட்டுப் போனாங்க.

பணம் கெடைக்கல. ஆனா மூணு கடையில அவனே கேட்டிருக்கான், வெங்காயக்கார அம்மாகிட்ட அவனே பேசி ரெண்டு கிலோ கடனுக்கு வாங்கிட்டு வந்தான்.

நம்ம பக்கம் எல்லாரும் சொல்றதுதான், அந்தக் காலத்துல பன்னெண்டு வயசுல பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறுனாங்க, இப்ப உள்ள பிள்ளைக ஒரு மார்க் கொறஞ்சா தாங்கமாட்டேங்குதுன்னு. எனக்கு இந்தப் பேச்சு பிடிக்கறதே இல்ல. பெட்டியடிப் பையனா, அதாவது வட்டிக்கடையில வேல பழகுற பொடியனா போன பிள்ள தனியா கெடக்கல, நம்மாளுக சேந்து தங்கி தொழில் பாத்த கிட்டங்கியில மேலாள், அடுத்தாள்னு நம்ம ஊர் ஆளுக கூட இருந்தாங்க, கணக்கு தப்புனா திருத்தி எழுத வச்சாங்க. கஷ்டம் மட்டுமே ஆள உறுதியாக்கும்னா 1942-ல யுத்தத்துக்குத் தப்பி பர்மாவுலேருந்து நடந்தே வந்த எங்க ஐயா சாகுற வரைக்கும் அந்த வழியப் பத்தி ஏன் ஒரு வார்த்தை பேசல?

ஹவாய்ல கவாய் தீவுல 1955-ல பொறந்த 698 பிள்ளைகள எம்மி வெர்னர், ரூத் ஸ்மித்னு ரெண்டு பேர் நாப்பது வயசு வரைக்கும் தொடர்ந்து கவனிச்சாங்க. வறுமை, குடி, வீட்டுச் சண்டைன்னு ரொம்ப மோசமான சூழல்ல வளந்த பிள்ளைகள்ல மூணுல ஒரு பங்கு நல்லாவே வந்திருக்கு. அவங்க வாழ்க்கையில ஒட்டுதலா ஒரு பெரியவராவது இருந்திருக்காங்க, பெத்தவங்களாத்தான் இருக்கணும்னு இல்ல, பாட்டியோ டீச்சரோ கூட. இதப் படிச்சப்ப எனக்கு அந்தத் திண்ணைதான் ஞாபகம் வந்துச்சு.

அதனால கேக்குறேன், பிள்ளை தோத்துட்டு வர்ற அன்னைக்கு அட்வைஸ் வேணாம், அவனுக்குப் பதிலா நீங்க ஓடவும் வேணாம், கொஞ்ச நேரம் பக்கத்துல உக்காருங்க, அப்புறம் "இப்ப என்ன செய்யலாம்?"னு அவனையே கேளுங்க. அவன் சொல்றது சரிப்படாதுன்னு தெரிஞ்சாலும் ஒரு தடவ செஞ்சு பாக்க விடுங்க. எனக்கு இன்னும் இது கஷ்டமாத்தான் இருக்கு, கை பரபரன்னு வருது.

அடுத்த வாரம் உண்டியல ஒடச்சு வெங்காயக் கடன குடுக்க அவன் மட்டும்தான் போனான். பணத்த டவுசர் உள்பையில வச்சு, அப்பத்தாகிட்ட ஊக்கு கேட்டு வாங்கி, அவனே குத்திக்கிட்டுப் போனான்.